எறும்பு ஏஜென்ட் எல்லாம் செத்துப்போன நோடுக்கே போகுது, யாராச்சும் பாத்து சொல்லுங்க

வீரவநல்லூர்க்காரன்:
கன்னடியன் கால்வாய் பக்கம் குளத்துக்கு ஒண்ணா ஏழு ராஸ்பெரி பை (சின்ன கம்ப்யூட்டர், ஒவ்வொண்ணும் ஒரு நோடு) வச்சிருக்கோம், சோலார் பேட்டரில ஓடுது. எந்தக் குளத்துல தண்ணி எவ்வளவு நிக்கி, எந்த மடை தெறந்திருக்குங்கிறத ஒண்ணுக்கொண்ணு லோராவுல (தூரமா போகும், ஆனா கொஞ்சமாத்தான் தகவல் தாங்குத ரேடியோ) சொல்லிக்கணும். கரைல நெட் கெடைக்காது, அதனால நடுவுல சர்வர்னு எதுவும் கெடையாது. தகவல் தேடுததுக்கு எறும்பு மாதிரி ஏஜென்ட் வச்சிருக்கேன், ஏஜென்ட்னா சின்ன பாக்கெட் தான், எந்த வழில போயி பதில் கெடச்சுதோ அந்த வழில ஃபெரமோன் (எறும்பு விட்டுட்டுப் போற வாசனை மாதிரி ஒரு எண்ணு) மதிப்பு ஏறும். நல்லாத்தான் ஓடிச்சு. மழைக்குப் பெறகு சேரன்மகாதேவி நோட கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டோம், ஆனா பக்கத்து நோடுல உள்ள எறும்பு எல்லாம் இன்னும் அங்கயே போயி முட்டிட்டு நிக்கி. மத்த நோடு எல்லாம் வழிய மறந்துட்டு, இந்தப் பக்கத்து நோடு மட்டும் மறக்கல.

பாளை பைதான்:
ஃபெரமோன் ஆவியாகுத வேகம், அதாவது மதிப்பு தன்னால கொறையுத வேகம், என்ன போட்டிருக்கீங்க? டோரிகோ 1992ல பிஎச்டி தீசிஸ்ல இந்த எறும்பு முறைய கொண்டுவந்தப்பவே ஃபெரமோன் ஆவியாகுறதும் சேர்ந்தே இருந்துச்சு, அது இல்லன்னா பழைய வழி அழியவே அழியாது. மேல ஒரு உச்சவரம்பு வைங்க. நூத்துல அஞ்சு எறும்பு ஃபெரமோனப் பாக்காம சும்மா சுத்தட்டும், அதுதான் புது வழி கண்டுபிடிக்கும்.

பேட்டை சர்வர்:
ஏழு நோடுக்கு எறும்பு எதுக்குவே? காசிப் (gossip, வதந்தி மாதிரி பரப்புத முறை) போதும், பக்கத்துல உள்ளவன்கிட்ட அப்பப்ப ஒப்பிட்டுப் பாத்தா தன்னால பரவிரும். ஜெராக்ஸ் காரங்க 1987லயே எழுதிட்டாங்க.

வீரவநல்லூர்க்காரன்:
பின்னால தாமிரபரணி எட்டு அணைக்கட்டு கால்வாய்க்கும் கொண்டு போற எண்ணம் இருக்கு அண்ணாச்சி, அப்ப எல்லாரும் எல்லாத்தையும் வச்சுக்க லோரா தாங்காது. அதோட புரொஜக்ட் கைடு எறும்பு தான் வேணும்னுட்டாரு, அத விடுங்க. ஆவியாகுறதும் இருக்கு, நிமிஷத்துக்கு 0.01 கணக்குல எக்ஸ்பொனென்ஷியலா கொறையும், இப்போதைய நேரத்துல இருந்து கடைசியா எறும்பு கொண்டுவந்த நேரத்தக் கழிச்சு கணக்குப் போடுதேன்.

அம்பை அண்ணாச்சி:
நேரம் எங்க இருந்து எடுக்கீரு? பைதான்ல டைம் டாட் டைம் (கம்ப்யூட்டர் கடிகார நேரம்) தானே? உம்ம பைல ஆர்டிசி சிப்பு (ஆஃப்ல கெடந்தாலும் நேரம் ஓட்டுத கடிகாரம்) கெடையாது. பேட்டரி எறங்கி ராத்திரி முழுக்க ஆஃப்ல கெடந்து காலைல எந்திரிச்சா ஃபேக் எச்டபிள்யூ கிளாக் (நேரத்த கார்டுல சேத்து வைக்குத மென்பொருள்) கடைசியா சேத்து வச்ச நேரத்துல இருந்து தான் ஓடும், நெட் இல்லாததால திருந்தவும் செய்யாது. எறும்பு கொண்டுவாரதோ சரியான நேரம். கழிச்சா மைனஸ். மைனஸ எக்ஸ்பொனென்ஷியல்ல போட்டா கொறையாது, பெருகும். ஒம்பது மணி நேரம்னா 540 நிமிஷம், உம்ம 0.01க்கு 221 மடங்கு ஏறிரும். அந்த நோடு எப்படிவே மறக்கும்? டைம் டாட் மோனோடோனிக் (பின்னால போகாம ஏறிக்கிட்டே இருக்குத எண்ணு) போடும், எறும்பு கொண்டுவார நேரத்த ஆவியாகுத கணக்குல சேக்காதேயும். ரீபூட் ஆச்சுன்னா அந்த எண்ணும் மொதல்ல இருந்து தொடங்கிரும், அதனால எல்லா ஃபெரமோனையும் அடிப்படை மதிப்புக்குக் கொண்டுவந்துரும்.

வீரவநல்லூர்க்காரன்:
லாக்ல மைனஸ் இருக்கு அண்ணாச்சி! மாத்திட்டேன், எறும்பு சுத்தி வேற வழில போகுது. ஒண்ணே ஒண்ணு, தண்ணி அளவுல எது புதுசு எது பழசுன்னு பாக்கவும் நேரத்தத்தான் வச்சிருந்தேன், அத என்ன செய்ய?

அம்பை அண்ணாச்சி:
ஒரு குளத்து அளவ அந்தக் குளத்து பை மட்டும் தானே எழுதுது, அப்ப வெறும் ஏறுவரிசை எண் போதும், பெரிய எண்ணு தான் புதுசு. ஒவ்வொரு தடவையும் எஸ்டி கார்டுல எழுதுனா கார்டு போயிரும், அதனால நூறு தள்ளி உள்ள எண்ண முன்கூட்டியே கார்டுல குறிச்சு வையும், எண்ணு அங்க வந்ததும் அடுத்த நூறு தள்ளிக் குறியும். ரீபூட் ஆனா குறிச்ச எண்ணுல இருந்தே தொடங்கும், நடுவுல கொஞ்சம் எண்ணு விட்டுப்போனா ஒண்ணும் கெட்டுப் போகாது.