சாவி யார் கையில்? கொரீட்சியா, ட்ரியெஸ்தே மனநல மருத்துவமனைகள் பற்றி ஒரு வாக்குவாதம்

இளவேனில்:
1961இல் இத்தாலியின் கொரீட்சியா மனநல மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தார் ஃபிராங்கோ பசாலியா. இரவில் யார் யாரைக் கட்டிலோடு கட்டினார்கள் என்ற பதிவேட்டைத் தலைமைச் செவிலியர் கையெழுத்துக்கு நீட்ட, ‘போட மாட்டேன்’ என்றாராம். என் கண் அந்தப் பதிவேட்டின் மேல்தான். கட்டுவது ஒருவர், எழுதுவது இன்னொருவர், கையெழுத்து மூன்றாமவர். ஒரு மனிதனைக் கட்டிப்போட்டோமே என்று மூவரில் யாருக்கும் உறுத்தாது. நோயாளியை இன்னும் நோயாளியாக்குவது இந்த அடுக்குதான்.

சண்முகம்:
தங்கச்சி, நான் மனநல வார்டில் நைட் டியூட்டி பார்த்தவன். வார்டு நிறைய ஆட்கள், பார்த்துக்கொள்ள ரெண்டே பேர். ஒருவர் சுவரேறிக் குதித்துப் போய்விட்டால் விடிந்ததும் மெமோ யாருக்கு வரும், பெரிய டாக்டருக்கா? எனக்குத்தான். உங்கள் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1968இல் அதே கொரீட்சியாவிலிருந்து ஒருநாள் விடுப்பில் வீட்டுக்குப் போன நோயாளி மனைவியைக் கொன்றார். பசாலியா மேல் வழக்கே வந்தது.

இளவேனில்:
வந்தது, விடுதலையும் ஆனார். ஆனால் அண்ணா, நீங்கள் சொல்லும் மெமோதான் என் கட்சிக்கும் சாட்சி. அங்கே 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘ஆபத்தானவர்’ என்று முத்திரை குத்தித்தான் உள்ளே சேர்ப்பார்கள். உள்ளே முழு அதிகாரமும் பொறுப்பும் இயக்குநருக்கு. ஆள் ஓடினால் விசாரணை. பத்து வருஷம் பூட்டியே வைத்திருந்தால் ஏன் என்று கேட்க நாதியில்லை. இப்படி இருந்தால் கதவை யார் திறப்பார்?

கனகா:
இரண்டு பேரும் மருத்துவமனைக்குள்ளேயே நிற்கிறீர்கள். 1978இல் இத்தாலி 180ஆம் எண் சட்டம் போட்டு மனநல மருத்துவமனைகளை மூடச் சொன்னது. சரி, வெளியே வந்தவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? பல ஊர்களில் மாற்று ஏற்பாடு வர வருஷக்கணக்கானது. அதுவரை அம்மாவும் அக்காவும்தான் டாக்டர், நர்ஸ், காவல் எல்லாம். சம்பளம் மட்டும் கிடையாது. அடுக்கை உடைத்தோம் என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இளவேனில்:
பல ஊர்களில் அப்படித்தான், மறுக்கவில்லை அக்கா. ட்ரியெஸ்தேயைப் பாருங்கள். 1971இல் பசாலியா அங்கே போனபோது உள்ளே ஏறக்குறைய 1,200 பேர். சிகிச்சை என்ற பெயரில் கூலியில்லாமல் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கூலி வாங்கினார்கள். வார்டு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, பகுதிவாரியாகத் தொடங்கிய மையங்களுக்கு மாற்றினார்கள். சில படுக்கைகளோடு 24 மணி நேரமும் திறந்திருக்கும் மையங்கள். நடுராத்திரி மகன் கத்தினால் அம்மாவுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

கனகா:
அதற்குப் பணம் ஒதுக்கினார்கள், அதிகாரிகள் ஒத்துழைத்தார்கள். அமைப்பை மட்டும் கொண்டாடாதீர்கள்.

சண்முகம்:
கொரீட்சியாவில் நோயாளி, நர்ஸ், டாக்டர் எல்லாரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களாம், நானும் படித்தேன். பேசட்டும். கூட்டம் முடிந்ததும் டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார், ராத்திரி வார்டில் நான் இருப்பேன். ‘கதவைத் திறந்து விடு’ என்று எழுத்தில் கொடுத்து, கீழே சூப்பிரண்டெண்ட் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?