மெல்பேர்னில் பிள்ளைப்பேறு, சம்பந்தியம்மா வியட்நாம்: பத்தியம் யார் சமைப்பது?

வெள்ளவத்தைக்காரி:
மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்கப்போகிறது. மருமகன் மெல்பேர்னில் பிறந்து வளர்ந்த வியட்நாம் பிள்ளை, தங்கமானவர், குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை அவருடைய அம்மா. முதல் மாதம் முழுக்க வந்து நின்று, பன்றிக்காலும் பப்பாசிக்காயும் போட்டு சூப் வைத்துக் கொடுக்கப்போகிறாராம். நாங்கள் மச்சம் சாப்பிடுகிற ஆட்கள்தான், ஆனாலும் பன்றி எங்கள் அடுப்பில் ஏறியதில்லை. பப்பாசிக்காயைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூளும் இடித்து வைத்துவிட்டேன். ஒரு குசினியில் நாங்கள் இரண்டு பேரும் எப்படி நிற்பது? அவருக்கும் இங்கிலிஷ் கொஞ்சம்தான், எனக்கும் கொஞ்சம்தான்.

தெகிவளை ராசா:
அக்கா, மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கம் ஏழு வருடம் வியட்நாம் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள், சிக்கலே அதுதான். அவர்களும் பெற்றவளைப் பச்சைத்தண்ணீர் தொட விடமாட்டார்கள், காதில் பஞ்சு, காலில் சொக்ஸ், காற்றுப் படக்கூடாது, முந்தி கட்டிலுக்குக் கீழே தணல் சட்டியே வைப்பார்களாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பப்பாசிக்காய் அவர்களுக்கும் விலக்குத்தான். பெற்ற பிறகு பால் சுரக்கக் கொடுப்பது, நாங்கள் சுறா கொடுக்கிற மாதிரி. பன்றிக்கால் விஷயத்தை மருமகன் வாயால் சொல்ல விடுங்கள், நீங்கள் சொல்லவே வேண்டாம்.

பயணக்காரன்:
இடித்த தூளைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கொழும்பு கேபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடையில் லேபல் ஒட்டின பக்கற்றாக வாங்கி, சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று விமானத்தில் தரும் அட்டையில் குறியுங்கள். மறைத்தால் தண்டம். கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை மருமகள்:
அன்ரி, நான் உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள், என் கணவரும் வியட்நாம். பிள்ளையைப் பார்த்ததும் மாமி 'வெறுப்பாய் இருக்கிறது' என்ற கருத்தில் ஏதோ சொன்னார், என் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது நாவூறு படாமல் இருக்கச் சொல்வதாம்! நாங்கள் கறுப்புப் பொட்டு வைக்கிறோம், அவர்கள் வாயால் வைக்கிறார்கள். நீங்கள் 'என்ன வடிவு, என்ன வடிவு' என்று சொல்லச் சொல்ல அவருக்குத்தான் பதறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முறை. எங்களைப் போலவே தாய்வழிப் பாட்டிக்கும் தகப்பன்வழிப் பாட்டிக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் உண்டு. நீங்கள் 'பா ங்வாய்', அவர் 'பா நொய்'. (நோய் இல்லை, என் அம்மா அப்படித்தான் கூப்பிட்டார்.) மாதம் நிறையும்போது பிள்ளையை உருவாக்கின பன்னிரண்டு தாய்மாருக்கு இனிப்பும் சோறும் படைப்பார்கள், அது எங்கள் 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குக் கிட்டத்தான் வரும். நாங்கள் இரண்டையும் ஒரே சனிக்கிழமை வைத்தோம், ஐயருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, பிறகு பாயசத்தை விட அவர்களின் இனிப்பைத்தான் இரண்டாம் தரம் கேட்டார். பாஷைக்கும் பயப்படாதீர்கள். என் கணவருக்குச் சனிக்கிழமை வகுப்பில் படித்த வியட்நாம் பாஷை அரைகுறை, என் பிள்ளைதான் இப்போது அவரை விட நன்றாகப் பேசுகிறான், எல்லாம் மாமியால்.

வெள்ளவத்தைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று வீடியோ கோலில் சம்பந்தியோடு நானே பேசினேன், மருமகன் நடுவில் இருந்தார். சைகோனில் இருந்து 1979இல் வள்ளத்தில் வந்து, மலேசியாவின் பிடோங் தீவு அகதி முகாமில் எட்டு மாதம் இருந்தவராம், கல்யாண வீட்டில்கூட இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1983 கலவரத்தில் நானும் கொழும்பிலிருந்து அகதியாய்க் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதைச் சொன்னேன். "போட்? யூ ஆல்சோ?" என்று கேட்டார். கப்பல் என்று நான் திருத்தவில்லை. சுறா மெல்பேர்ன் ஃபுட்ஸ்கிரே சந்தையில் தானே பார்த்து வாங்கி வருவாராம். பன்றிக்கால் கதையை இன்னும் எடுக்கவில்லை.