கோ டூ-வோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

பழைய கோபால்காரர்:
1999-இல் ஈராயிரமாண்டுச் சிக்கலுக்காக (ஆண்டுக்கு இரண்டே இலக்கம் வைத்ததால் 2000-இல் வரவிருந்த குழப்பம்) கோபால் (COBOL) என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். (‘யாரப்பா அந்தக் கோபால், எப்போதும் அவனோடு சண்டை?’ என்பார் அம்மா.) வட்டி கணக்கிடும் நிரல் ஒன்றில், ‘கோ டூ’ (நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை) சொன்ன இடம் ஒன்று, போன இடம் வேறு. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது: எங்கோ கிடந்த ‘ஆல்ட்டர்’ கட்டளை, நிரல் ஓடும்போதே அந்தத் தாவலின் இலக்கை மாற்றியிருந்தது. இரவோடு இரவாக வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்ததைப் போல!

ஆத்திரத்தில் எல்லாத் தாவல்களையும் பிடுங்கினேன். எந்த நிரலுக்கும் வரிசை, கிளை, சுழற்சி மூன்றே போதும் என்று கணினி அறிஞர்கள் போமும் யாகோபினியும் 1966-இலேயே நிறுவிவிட்டார்களே என்ற தைரியம். போதும்தான். ஆனால் தாவல் சுமந்த செய்தியை வேறொன்று சுமக்க வேண்டுமே! நான்கு ஃபிளாக்குகள் (ஆம் அல்லது இல்லை என்று குறித்துவைக்கும் மாறிகள்) முளைத்தன. அவற்றில் ஒன்றை அணைக்க மறந்தேன். மூடப்பட்ட கணக்கு ஒன்று வந்ததும், அதற்குப் பின்னால் வந்த எதற்கும் வட்டி ஏறவில்லை. நல்லவேளை, சோதனை ஓட்டத்திலேயே அகப்பட்டது.

டிரைவர் எழுதுபவன்:
ஐயா, எனக்கு நேர்மாறு. கல்லூரியில் கோ டூ எழுதினால் மதிப்பெண் போய்விடும். அந்தப் பயத்தோடு லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஒரு டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதினேன். நினைவகம், இன்டரப்ட் (கருவி கணினியைக் கூப்பிடும் குறிப்பு) என ஐந்து வளங்கள் வாங்க வேண்டும். நான்காவது கிடைக்காவிட்டால் முதல் மூன்றையும் வாங்கியதற்குத் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். ‘இஃப்’ என்ற நிபந்தனைக்குள் இன்னோர் ‘இஃப்’ நுழைந்து நுழைந்து, நிரல் திரையின் வலது ஓரத்தில் முட்டி நின்றது. ‘கோ டூ போடுங்கள்’ என்று நிரலைச் சரிபார்ப்பவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லினக்ஸின் மையமான கெர்னலின் எழுத்து நெறியே அதைத்தான் சொல்கிறதாம். மேலிருந்து கீழே மட்டும் தாவல், போய்ச் சேரும் இடத்தில் எதை விடுவிக்கிறோம் என்று சொல்லும் லேபிள். படிக்க எவ்வளவு சுகம்!

ஓரமாக நிற்பவள்:
கோ டூ-வை எதிர்த்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா ஓர் இதழுக்கு எழுதிய 1968 கடிதத்துக்கு, ‘கோ டூ கட்டளை தீங்கானது’ என்ற காரமான தலைப்பை வைத்தவர் அவரல்ல, பதிப்பாசிரியர் விர்த். டைக்ஸ்ட்ராவின் கவலை எளிமையானது: எந்த வரியில் நிற்கிறோம் என்று தெரிந்தால், வேலை எதுவரை வந்திருக்கிறது என்றும் தெரிய வேண்டும். ஆல்ட்டர் அதைத்தான் கெடுத்தது. கோபால்காரரே, உங்கள் நான்கு ஃபிளாக்குகளும் அதையேதான் செய்தன: ஒரே வரி, 16 நிலைகள்.

பழைய கோபால்காரர்:
பதினாறா! எண்ணிப் பார்க்கவே இல்லை அம்மா. பிற்பாடு இரண்டு தாவல்களைத் திரும்பப் போட்டுவிட்டேன். இரண்டும் அந்தந்தப் பாராவின் (நிரல் பகுதியின்) முடிவுக்கே போகும். மேலாளரிடம் சொல்லவில்லை.