பொருள்: பணமாக வராத ‘கன்சிடரேஷன்’ – தமிழில் என்ன?

மார்த்தாண்டத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பி.காம். பிள்ளைகளுக்கு ஜிஎஸ்டி பாடம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு விற்பனையோடு பண்டமாற்றையும் வழங்கல் (சப்ளை) கணக்கில் சேர்க்கிறது. பண்டமாற்றுக்குச் சொல் இருக்கிறது. கொடுத்ததற்கு ஈடாக வருவதுதான் ‘கன்சிடரேஷன்’. அது பணமாக இல்லாமல் வேறு ஏதாவதாகக் கைக்கு வருகிறதே, அதற்குத்தான் சொல் வேண்டும். நம்ம பக்கம் கொப்பரை ஆட்டிக் கொடுத்தால் சில செக்குக்காரர்கள் கூலி கேட்பதில்லை, பிண்ணாக்கை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிண்ணாக்கு சட்டத்தமிழில் என்ன? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:
ஒப்பந்தச் சட்டத் தமிழில் ‘மறுபயன்’ இருக்கிறது. ‘பணமல்லா மறுபயன்’ என்று போடுங்கள். முடிந்தது.

தக்கலையிலிருந்து:
முடியவில்லை சார். மறுபயன் என்றால் பிளாஸ்டிக் பாட்டிலை மறுபடி பயன்படுத்துவது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ‘கைம்மாறு’ இருக்கிறதே! மழை கைம்மாறு கேட்பதில்லை என்கிறது 211ஆம் குறள். கைம்மாறு இல்லாத வழங்கலுக்கு, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை தவிர, பொதுவாக ஜிஎஸ்டியும் இல்லை. மழை தப்பித்தது.

குளச்சலிலிருந்து:
கடைத்தெருவில் வந்து கைம்மாறு என்று சொல்லிப் பாருங்கள். ‘கைமாத்தா? எவ்வளவு வேணும்?’ என்பார்கள். அகநானூறு 140இல் உப்பு விற்கும் உமணர் மகள் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’, அதாவது நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு, என்று கூவுகிறாள். அங்கேயே ‘விலைமாறு’ என்ற சொல் வருகிறது. புறநானூறு 343இல் ‘மீன் நொடுத்து நெல் குவைஇ’, மீனை விற்று நெல்லைக் குவித்து. மீன் கொடுத்து மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வாங்கிவந்த வீட்டில் வளர்ந்தவன் நான், எனக்கு அது இலக்கியமே இல்லை. விலைமாறு போதும்.

தக்கலையிலிருந்து:
விலைமாறு என்பது கூவிச் சொல்கிற மாற்று வீதம். கையில் வந்த நெல் அல்ல. அப்புறம், கைம்மாறு வேறு, கைமாற்று வேறு. தனி ஐ முன் மெல்லெழுத்து மிகலாம் என்று நன்னூல்…

குழித்துறையிலிருந்து:
நன்னூல் இருக்கட்டும். 1956க்கு முன் நாம் இருந்த பக்கத்து மொழியான மலையாளத்தில் இதற்குப் பிரதிபலம் என்பார்கள். உழைப்புக்குக் கொடுக்கும் தொகைக்கும் அதே சொல். பிண்ணாக்குக்குப் பொருந்தத்தானே செய்கிறது?

நாகர்கோவிலிலிருந்து:
வடமொழி வேண்டாம்.

குழித்துறையிலிருந்து:
ஜிஎஸ்டி தொல்காப்பியத்தில் எந்த இயல்?

மார்த்தாண்டத்திலிருந்து:
ஐயா, அம்மா, சண்டை வேண்டாம். ஜிஎஸ்டி விதிகளில் 27ஆம் விதியோடு தரப்பட்ட எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். 20,000 ரூபாயும் பழைய கைபேசியும் கொடுத்துப் புதியது வாங்குகிறார். பழையது கொடுக்காவிட்டால் விலை 24,000 என்றால், வரி 24,000க்குத்தான். இங்கே பழைய கைபேசியைக் கைம்மாறு என்றால் ஏதோ நன்றிக்கடன் மாதிரி இருக்கிறது. விலைமாறு என்றால் விலையே மாறிவிட்டது மாதிரி. ஒரு மாணவி ‘பதில்பொருள்’ என்றாள்.

நாகர்கோவிலிலிருந்து:
நல்ல சொல். ஆனால் பதிலுக்குத் தலைமுடி வெட்டிவிட்டால்? அது சேவை, பொருள் அல்ல.

மார்த்தாண்டத்திலிருந்து:
மணி பதினொன்று. ‘பணமல்லா மறுபயன்’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் வாயால் ‘பதிலுக்கு வாங்கினது’ என்று சொல்லிக்கொள்கிறேன்.

குளச்சலிலிருந்து:
நான் விலைமாறு என்றுதான் எழுதுவேன்.

தக்கலையிலிருந்து:
சரி, செக்குக்காரர் வரி கட்டணுமா வேண்டாமா? அதை யாருமே சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:
ஆட்டிக்கொடுப்பது சேவை. ஆண்டு விற்றுமுதல் (டர்ன்ஓவர்) 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே வேண்டாம்.

குழித்துறையிலிருந்து:
அவர் எதையும் விற்கவே இல்லையே, அப்புறம் என்ன விற்றுமுதல்?