ஹோட்டன் சமவெளியில் கூடாரம்: தண்ணீர் கொதிக்க வைக்க எந்தப் பாத்திரம் நல்லது?

அருவிக்கரை (தலவாக்கலை):

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் நண்பர்கள் நால்வர் ஒஹியா புகையிரத நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே ஹோட்டன் சமவெளிக்குச் சென்று, உரிய அனுமதியுடன் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்க எண்ணியிருக்கிறோம். பெரிய சமையல் எதுவும் இல்லை. தேநீர், நூடில்ஸ், குடிநீர் ஆகிய மூன்றுக்கும் தண்ணீர் கொதித்தால் போதும். காய்ந்த புல்வெளியில் விறகு மூட்ட விருப்பமில்லாததால் காஸ் அடுப்பையே கொண்டு செல்கிறோம். கடையில் மூன்று வகைப் பாத்திரங்களைக் காட்டினார்கள்: மிக இலேசான, ஆனால் விலை கூடிய டைட்டேனியம், கறுத்த மேற்பூச்சுடைய அலுமினியம், சாதாரண எவர்சில்வர். இவற்றில் எது விரைவாகக் கொதிக்க வைக்கும், எதற்குக் காசு செலவழிப்பது நியாயம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை):

தம்பி, உலோகத்தைப் பற்றிய கவலையை இரண்டாம் இடத்தில் வையுங்கள். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அதிகம் என்பது உண்மைதான். டைட்டேனியமோ இந்த விடயத்தில் எவர்சில்வருக்கு அருகிலேயே நிற்கிறது. ஆனால் இந்த வேறுபாடு சோறு, பருப்பு, கஞ்சி போன்றவற்றில்தான் பெரிதாகத் தெரியும், ஏனெனில் வெப்பம் பரவாத மெல்லிய பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கருகிப்போகும். தண்ணீர் தானே சுழன்று வெப்பத்தைப் பகிர்ந்துகொள்வதால், தண்ணீரை மட்டும் கொதிக்க வைப்பவருக்கு மூன்று உலோகங்களுக்கும் இடையிலான நேர வித்தியாசம் சொற்பமே.

நேரத்தையும் காஸையும் உண்மையில் தீர்மானிப்பவை மூடி, அடிப்பாகத்தின் அகலம், காற்று ஆகிய மூன்றும்தான். நன்றாகப் பொருந்தும் மூடி இல்லாத பாத்திரத்தை, அது எந்த உலோகமாக இருந்தாலும், வாங்காதீர்கள். உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் குவளை வடிவப் பாத்திரம் பைக்குள் அழகாக அடங்கும், ஆனால் சுவாலையின் பெரும்பகுதி அதன் பக்கங்களைத் தடவிக்கொண்டு வீணே மேலே போய்விடும். அடி அகன்று, உயரம் குறைந்த பாத்திரம் அந்தச் சுவாலை முழுவதையும் தாங்கிக்கொள்வதோடு அடுப்பின் கால்களிலும் ஆடாமல் நிற்கும். அடியில் தகட்டு மடிப்புகள் பொருத்தப்பட்ட சிறப்புப் பாத்திரங்கள் காஸைக் கணிசமாக மிச்சப்படுத்துகின்றன என்றாலும், இரண்டு இரவுப் பயணத்துக்காக அவற்றின் விலையையும் பாரத்தையும் ஏற்கத் தேவையில்லை.

நால்வருக்கு என்றால் 2 லீற்றர் கொள்ளளவுள்ள, மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட அலுமினியப் பாத்திரத்தையே நான் பரிந்துரைப்பேன். அதில் ஒன்றரை லீற்றருக்கு மேல் நிரப்ப வேண்டாம். கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஒருவர் தனியாகப் பல நாட்கள் நடப்பதானால் டைட்டேனியத்தின் இலேசுக்குக் காசு கொடுக்கலாம். நால்வர் பங்கிட்டுச் சுமக்கும்போது அதில் குறையும் சிறிதளவு பாரம் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

மழைக்குருவி (ஹட்டன்):

பாத்திரத்தோடு தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் கிருமிகள் சாகாது என்று சிலர் அஞ்சுகிறார்கள், ஆனால் அந்த அச்சம் தேவையற்றது. நோய்க்கிருமிகள் 70 பாகையைத் தாண்டும்போதே விரைவாக அழியத் தொடங்குகின்றன. ஆயினும் 2,000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில், குமிழிகள் புரண்டு எழும் நிலைக்கு வந்த பின் மூன்று நிமிடம் கொதிக்க விடுவது பரவலாகத் தரப்படும் அறிவுரை. அங்குள்ள ஓடைகள் கண்ணாடி போலத் தெளிந்து தோன்றினாலும், மரைகள் கூட்டமாக மேயும் புல்வெளியின் ஊடாகவே அவை வருகின்றன. ஆகவே பார்வைக்குத் தெளிவாக இருப்பதை நம்பி அப்படியே குடிக்க வேண்டாம்.

இன்னொன்று மிக முக்கியமானது. தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் கீழே ஓடும் நீரில் பசளையும் கிருமிநாசினியும் கலந்திருக்கலாம், இவற்றைக் கொதிக்க வைத்து அகற்ற இயலாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். ஆகையால் நடந்து ஏறும் வழியில் தேவைப்படும் நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

பனிமுகடு (நுவரெலியா):

ஊவாக்காற்று அண்ணா கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் சட்டி வடிவப் பாத்திரத்தைவிடக் கேத்தலே மேல் என்பது என் கருத்து. கூடாரத்தின் வாசலில், இருட்டில், விறைத்த கைகளோடு கொதிநீரைப் போத்தலுக்குள் ஊற்றும்போது கேத்தலின் மூக்கு தரும் பாதுகாப்பை அகன்ற வாய்ப் பாத்திரம் தராது. கொதிநீர் காலில் கொட்டினால் அந்த இடத்திலிருந்து வைத்தியசாலைக்குப் போவது இலகுவான காரியமன்று. முகாமுக்கென்றே அடி அகன்று குட்டையாகச் செய்யப்படும் கேத்தல்கள் கிடைக்கின்றன, அவற்றில் சுவாலை பக்கங்களில் வீணாகும் குறையும் இல்லை.

அலுமினியத்தைப் பற்றி ஒரு சொல். வெறும் தண்ணீருக்கு அதனால் கேடில்லை. மேற்பூச்சு இல்லாத அலுமினியத்தில் புளி, தக்காளி, கொறுக்காய் சேர்த்த கறியை நெடுநேரம் வைப்பதுதான் கூடாது. எந்தெந்தப் பழைய உலோகத்தை உருக்கி வார்த்தார்கள் என்று தெரியாத சந்தைச் சட்டிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

அருவிக்கரை (தலவாக்கலை):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கேத்தலில் நூடில்ஸ் போட முடியாது என்பதால், மூடியும் மடக்குக் கைப்பிடியும் உள்ள அகன்ற அலுமினியப் பாத்திரத்தையே வாங்கத் தீர்மானித்துள்ளேன். ஓரத்தில் ஊற்றுவதற்கு வசதியாகச் சிறு மூக்கு வைத்த ஒன்றைத் தேடிப் பார்க்கிறேன். இனி காஸைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி. கடைகளில் கிடைக்கும் நீண்ட பியூட்டேன் ரின்கள் எத்தனை போதும்?

ஊவாக்காற்று (பண்டாரவளை):

கணக்கு எளிதுதான். 12 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் ஓடை நீரை அங்கே கொதி நிலைக்குக் கொண்டுவர, மூடி போட்டுக் காற்றை மறைத்திருந்தால், சுமார் 15 கிராம் காஸ் செலவாகும். குடிநீரும் தேநீரும் நூடில்ஸும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் என்று கொண்டால், நால்வருக்கு இரண்டு நாளைக்கு 24 லீற்றர். அதற்கு 360 கிராம் வேண்டும். 220 கிராம் ரின்கள் இரண்டு அதற்குப் போதுமெனினும், காற்று பலமாக வீசினால் செலவு எளிதில் கூடிவிடும் என்பதால் மூன்றாவது ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

தை மாதம் என்பதால் இதையும் கவனியுங்கள்: பியூட்டேன் கிட்டத்தட்ட 0 பாகையில் ஆவியாவதை நிறுத்திவிடும், அந்தச் சமவெளியிலோ அம்மாதத்தில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. ஆகவே விடியற்காலைத் தேநீருக்கான ரின்னை இரவில் உறங்கும் பையினுள் வைத்திருங்கள், இயன்றால் புரோப்பேன் கலந்த காஸை வாங்குங்கள். காற்றுத் தடுப்புத் தகட்டை ரின்னையும் சேர்த்துச் சுற்றி வைக்காதீர்கள். வெப்பம் தேங்கி ரின் வெடிக்கக்கூடும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பை எரிக்க வேண்டாம், காபனோரொட்சைட்டு மணமில்லாமலே உயிரைப் பறிக்கும்.

மழைக்குருவி (ஹட்டன்):

குடிநீரை மாலையிலேயே கொதிக்க வைத்து, ஒற்றைச் சுவருள்ள எவர்சில்வர் போத்தல்களில் ஊற்றி இறுக மூடிவிடுங்கள். இரவில் அவற்றைத் துணியில் சுற்றிக் காலருகே வைத்துக்கொண்டால் உறங்கும் பை சூடாக இருக்கும், காலையில் ஆறிய நீர் நடைக்குத் தயாராகவும் இருக்கும். கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் போத்தலில் கொதிநீரை ஊற்ற வேண்டாம், அது சுருங்கி உருக்குலைந்துவிடும். இரட்டைச் சுவர்ப் போத்தலை அடுப்பின் மேல் வைப்பது அதைவிட ஆபத்தானது, இடையில் அடைபட்ட வெளி விரிந்து வெடிக்கலாம் என்பதை உங்கள் நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள்.