மறுமொழி: வாட்டர்கலரில் ‘வாக்ஸ் ரெசிஸ்ட்’ – தடுப்பா, காப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் ஓவியக் கலைச்சொல் பட்டியலுக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த கேள்விகளுக்கு என் பதில் இது. வாட்டர்கலர் (நீர்வண்ணம்) தீட்டும் முன் காகிதத்தில் மெழுகு பூசி, அந்த இடத்தில் நிறம் ஏறாமல் செய்வதைத்தான் ‘வாக்ஸ் ரெசிஸ்ட்’ என்கிறார்கள்.

> ‘வாக்ஸ் ரெசிஸ்ட்’ என்பதை ‘மெழுகு எதிர்ப்பு’ என்று போட்டுவிடலாமா? ‘மெழுகுத் தடுப்பு’ தேவலையா?

இரண்டுமே வேண்டாம் என்பேன். ‘மெழுகு எதிர்ப்பு’ என்றால் மெழுகு எதிர்க்கிறதா, மெழுகை எதிர்க்கிறோமா என்பதே தெளிவில்லை. ‘தடுப்பு’ பரவாயில்லை. ஆனால் தடுப்பணை, தடுப்பூசி, தடுப்புச் சுவர் எல்லாவற்றிலும் வருகிற ஒன்றை நிறுத்துவதுதான் பேச்சு. வாட்டர்கலர் தீட்டுகிறவரின் கவலை அந்தப் பக்கம் இல்லை. இந்த ஓவியத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் காகிதத்தின் வெள்ளைதான். நிறம் ஒருமுறை ஏறிவிட்டால் அது முழுசாகத் திரும்பாது. அதைக் காத்து வைக்கத்தான் மெழுகைத் தேடிப் போகிறோம்.

ஆகவே என் பரிந்துரை ‘காப்பு’. சந்தனக் காப்பு, வெண்ணெய்க் காப்பு என்று ஒரு பொருளைப் பூசி மூடுவதற்கு இந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிறார். ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிச் சந்தனம் களைகிறார்கள். பூசுவது, மூடியே இருப்பது, பிறகு களைவது என்ற வரிசை அப்படியே நம் வேலைக்கும் பொருந்துகிறது. வினைச்சொல்லும் கையோடு கிடைக்கிறது: காப்பிடு, காப்புக் களை. ‘தடுப்பு’ என்று வைத்தால் களைவதற்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டியிருக்கும்.

> ‘காப்பு’ ஏற்கெனவே ‘இன்சுலேஷனுக்கு’ப் போய்விட்டதே?

உண்மைதான். மின்காப்பு, வெப்பக் காப்பு எல்லாம் பாடநூலில் இருக்கின்றன. ஆனால் அங்கே எதிலிருந்து காக்கிறோம் என்பது முன்னால் நிற்கிறது. நம்முடையதில் எதனால் காக்கிறோம் என்பது. மெழுகுக் காப்பு என்று கேட்டவுடன் யாரும் மின்கம்பியை நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. துணியில் சாயம் ஏறாமல் காப்பிடும் பொருள் எப்போதும் மெழுகு இல்லை. ராஜஸ்தானில் பக்ரு பக்கம் தாபு என்ற துணி அச்சுக்குச் சேற்றைப் பூசுகிறார்கள். நைஜீரியாவின் யொரூபா பெண்கள் அடிரே துணிக்கு மரவள்ளிக் கூழ் தடவுகிறார்கள். ஜப்பானில் அரிசிப் பசை. சேற்றுக் காப்பு, கூழ்க் காப்பு, பசைக் காப்பு என்று ஒரே குடும்பமாக வந்துவிடும். காகிதத்தில் நிறம் படாமல் மறைக்கக் கடையில் ‘மாஸ்கிங் ஃப்ளூயிட்’ என்று விற்கும் திரவமும் அம்மோனியா சேர்த்த ரப்பர் பால்தான். அதை ‘ரப்பர் பால் காப்பு’ என்றால் கன்னியாகுமரிக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது ‘பத்திக்’. இதைத் தமிழாக்க வேண்டாம், இலங்கையில் எழுதுகிற மாதிரி பத்திக் என்றே வைத்துக்கொள்வோம். இந்தோனேசியாவில் ஜாவாவின் யோக்யகர்த்தா, சோலோ, பெக்கலோங்கான் ஊர்களில் துணிக்கு மெழுகிட்டுச் சாயமேற்றும் கலை அது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மெழுகு ஊற்றும் செம்புமூக்குக் கருவியான சாந்திங்குக்கும் அதே பெயர் இருக்கட்டும். சென்னைக்கும் பத்திக் புதிதில்லை. 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு, ஓவியர்கள் பத்திக் செய்து விற்ற பணம்தான் பெரிய கை கொடுத்தது. அதற்கும் முன்னால் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளில், நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகிட்டு அவுரித் தொட்டியில் முக்கினார்கள். சாயவேர்ச் சிவப்புக்குத் துணியைக் கொதிக்க வைக்க வேண்டும், மெழுகு உருகிவிடும். அவுரிக்குக் கொதிக்க வைக்கத் தேவையில்லை, அதனால் மெழுகு நிற்கும்.

ஆனால் காகிதத்தில் மெழுகும் வாட்டர்கலரும் சேர்த்துச் செய்வதைப் பத்திக் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தவர்களைச் சிற்பி ஹென்றி மூர் 1940-41இல் வரைந்தபோது, மெழுகுக் கிரேயானால் கோடிழுத்து அதன்மேல் நீர்வண்ணம் ஓட்டினார். அதை யாரும் பத்திக் என்று சொல்வதில்லை. அது மெழுகுக் காப்பு ஓவியம்.

காகித வேலைக்குள்ளேயே இரண்டைப் பிரிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டும் ஒரே சொல்லாகக் கிடக்கின்றன.

வெள்ளை மெழுகுவர்த்தியைச் சொரசொரப்பான காகிதத்தில் அப்படியே தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் மெழுகு பிடிக்கும். நிறம் பள்ளங்களில் போய்த் தங்கும். தண்ணீரில் வெயில் மினுங்குவதற்கும் பழைய சுவருக்கும் இது அருமையாக வரும். இதைத் ‘தேய்ப்புக் காப்பு’ எனலாம்.

மற்றது மெழுகை உருக்கித் தூரிகையால் இடுவது. தேன்மெழுகு 62–64 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். ஆனால் உருகினால் மட்டும் போதாது. சூடு பற்றாவிட்டால் மெழுகு வெளுப்பாக மேலேயே உறைந்து நிற்கும், நிறம் அடியில் புகுந்துவிடும். சூடு சரியாக இருந்தால் இழைக்குள் இறங்கும். எண்ணெய் பட்ட மாதிரி காகிதம் அந்த இடத்தில் ஒளி ஊடுருவித் தெரியும். இது ‘உருக்குக் காப்பு’. மெல்லிய, நீண்ட இழைகொண்ட ஜப்பானிய வாஷி காகிதம் இதற்கு ஏற்றது. வெளிர் நிறத்தில் தொடங்கி, காய்ந்ததும் காக்க வேண்டியதைக் காப்பிட்டு, அடுத்த அடர் நிறத்துக்குப் போக வேண்டும். மெழுகின் மேல் நிற்கும் நிறத்துளிகளை அப்போதைக்கப்போதே ஒற்றி எடுத்துவிட வேண்டும். அப்புறம் கடைசியில் முழுவதையும் மெழுகிட்டுக் கசக்கி, அடர் நிறத்தைத் தடவி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டால் காப்பு களைந்துவிடும்.

கசக்கும்போது மெழுகில் விழுவது ‘விரிசல்’. அதன் வழியே நிறம் இறங்கிக் காகிதத்தில் தங்குவது ‘விரிசல் வரி’. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘கிராக்கிள்’ என்றே சொல்லிவிடுவார்கள், நாம் பிரித்து வைப்போம். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், வரி குறையும்; பாரஃபின் நொறுங்கும், வரி கூடும். என்ன விகிதத்தில் கலப்பது என்று எழுதும்போது இந்தச் சொற்கள் நிச்சயம் தேவைப்படும்.

> ‘மிக்ஸட் மீடியா’ – கலப்பு ஊடகம்?

‘ஊடகம்’ இப்போது செய்தித் தொலைக்காட்சிக்கே போய்விட்டது. ‘பல்பொருள்’ என்றால் அங்காடி நினைவு வருகிறது. ‘கலப்பு முறை ஓவியம்’ என்று வைக்கலாம். மை, மெழுகு, நீர்வண்ணம், வண்ணப் பென்சில் எது சேர்ந்தாலும் அதில் அடங்கும். இங்கே வரிசைதான் முக்கியம் என்பதால் ‘முறை’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. இஸ்திரி போட்ட பிறகும் இழையில் கொஞ்சம் மெழுகு மிச்சமிருக்கும். அங்கே நீர்வண்ணம் மறுபடி ஒட்டாது, ஆயில் பேஸ்டலோ மெழுகு சேர்ந்த வண்ணப் பென்சிலோதான் பிடிக்கும். அதனால் நீர்வண்ண வேலை அனைத்தையும் காப்புக் களைவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

‘தேய்ப்புக் காப்பு’, ‘உருக்குக் காப்பு’ இரண்டுக்கும் மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள். ‘உருக்கு’ எஃகையும் குறிக்கும் என்பதால் அந்த ஒன்றில் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. ‘உருகுமெழுகுக் காப்பு’ சரியாக வருமா?

அன்புடன்.