சினோயிகிஸ்மோஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம். வட கிரேக்கத்தில் இடிபாடாகக் கிடக்கும் ஒலிந்தோஸ் நகரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கி.மு. 432க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஏதென்ஸை எதிர்க்கத் துணிந்த கடலோரத்தாரிடம் மாசிடோனிய மன்னன் பெர்டிக்காஸ், "உங்கள் ஊர்களை இடித்துவிட்டு உள்ளே வாருங்கள், ஒலிந்தோஸில் ஒரே வலுவான நகரமாக இருங்கள்" என்று பேசி இணங்கவைத்தான். போர் முடியும்வரை பயிரிடுவதற்குப் போல்பே ஏரியைச் சுற்றித் தன் நிலத்தையும் கொடுத்தான். இத்தகைய நிகழ்வை வரலாற்றாசிரியர்கள் சினோயிகிஸ்மோஸ் என்கிறார்கள். 'கூட்டுக்குடியேற்றம்' என்று எழுதிவிடலாமா?

மடல் 2

> கூட்டுக்குடியேற்றம்

ஒலிந்தோஸுக்குப் பொருந்துகிறது ஐயா, ஏதென்ஸுக்குப் பொருந்தாது. தொன்மக் கதைகளின் ஏதென்ஸ் மன்னன் தீசியஸ், அந்நகரைச் சுற்றியுள்ள அட்டிக்காவை ஒன்றாக்கிய கதையைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்கிறார். அதில் யாரும் மூட்டை கட்டவில்லை. ஊருக்கு ஊர் இருந்த மன்றங்களும் அதிகாரிகளும் கலைக்கப்பட்டு, ஏதென்ஸில் ஒரே மன்றம் அமைந்தது. மக்கள் பழையபடி அவரவர் நிலத்திலேயே வாழ்ந்தார்கள். கி.மு. 408இல் லிண்டோஸ், இயாலிசோஸ், காமிரோஸ் மூன்றும் சேர்ந்து ரோட்ஸ் நகரை உண்டாக்கின. பழைய மூன்று ஊர்களும் அதனால் அழிந்துவிடவில்லை. ஆகவே, இடம்பெயர்வது இதில் கட்டாயமில்லை. பல சமூகங்கள் ஒரே அரசியல் சமூகமாவதுதான் கரு.

கிரேக்கச் சொல்லின் நடுவில் இருப்பது 'ஓய்க்கோஸ்', அதாவது வீடு. நம் 'குடி'யில் வீடும் உண்டு, குலமும் உண்டு, குடிமகனும் உண்டு. இதைவிட்டு வேறு எங்கே தேடுவது? என் பரிந்துரை: குடியிணைவு. தாமாகச் சேர்ந்தால் குடியிணைவு, மன்னன் சேர்த்துவைத்தால் குடியிணைப்பு. இந்த வசதி கிரேக்கச் சொல்லுக்கே கிடையாது.

எதிர்ச்சொல்லும் வேண்டும். கி.மு. 385இல் ஸ்பார்ட்டா, மன்டினேயா என்ற கிரேக்க நகரைப் பணியவைத்து, மக்களைப் பழையபடி சிற்றூர்களாகப் பிரித்தது. வீட்டை இடித்துவிட்டு வேறிடத்தில் கட்டவேண்டுமே என்று முதலில் எல்லோருக்கும் எரிச்சல். பிறகு, வயல் பக்கத்திலேயே இருக்கிறது என்று நிலக்காரர்கள் மகிழ்ந்தார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் செனபோன். (அவர் ஸ்பார்ட்டாவின் நண்பர். கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கவேண்டும்.) இதற்குக் குடிப்பிரிப்பு.

மடல் 3

குடியிணைவு நன்று. ஆனால் 'குடி' என்றதும் மதுவை நினைத்துச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். ஒலிந்தோஸ் வீடுகளில் அதற்கென்றே 'ஆண்ட்ரோன்' என்ற ஓர் அறை உண்டு என்பது வேறு அவர்களுக்கு வசதியாகிவிடும்!

'ஊரிணைப்பு' என்றால் என்ன? அல்லது, பழமை மணக்கும் 'கூடல்'?

மடல் 4

குடியரசு, குடியுரிமை எல்லாம் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் வந்தன. 'கூடல்' மதுரையை நினைவூட்டும், ஆறுகள் சேருமிடத்தையும் குறிக்கும். தலைப்பில் அழகாக இருக்கலாம், கலைச்சொல்லாகாது. 'ஊரிணைப்பு' என்றால் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கும் அரசாணை மாதிரி ஒலிக்கிறது.

ஒலிந்தோஸின் மண்ணே குடிக்குச் சாட்சி. டேவிட் ராபின்சன் 1928இல் அங்கே அகழத் தொடங்கினார். வடக்குக் குன்றில் நேர்நேராகத் தெருக்கள். ஒரு தொகுதியில் ஐந்தைந்தாக இரு வரிசை வீடுகள், இடையில் தண்ணீர் வடிய ஒரு சந்து. வீடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 மீட்டர் சதுரம். தெற்கே முற்றம், அதற்கு வடக்கே வெயில் விழும் நீண்ட தாழ்வாரம். ஆண்ட்ரோனில் மட்டும் சுவரோரம் கட்டில் போட உயர்த்திய மேடை, நடுவே கூழாங்கல் பதித்த ஓவியத்தரை. எந்தக் கடலோர ஊரிலிருந்து வந்த குடும்பமானாலும் மனை அளவு ஏறத்தாழ ஒன்றே. இணைந்தவை குடிகள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

மடல் 5

மிக்க நன்றி, குடியிணைவையே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஓர் ஐயம். கி.மு. 348இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் ஒலிந்தோஸைத் தரைமட்டமாக்கினான். அதைக் குடிப்பிரிப்பு என்று எழுதலாமா?

மடல் 6

கூடாது. மன்டினேயர்கள் தங்கள் வயல்களுக்குத் திரும்பினார்கள், கி.மு. 370இல் மீண்டும் நகரத்தை எழுப்பினார்கள். ஒலிந்தோஸ்காரர்களை அடிமைகளாக விற்றுவிட்டான் பிலிப். அவன் பெயர் பொறித்த ஈயக் கவண்குண்டுகள் அந்த இடிபாட்டில் கிடைத்திருக்கின்றன. அங்கே 'அழிப்பு' என்றே எழுதுங்கள்.